கிட்டாரில் பிக்கப்பை மாற்றப் போறீங்களா? உளியைத் தொடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரே கிட்டார், ஒரே கம்பி, ஒரே விரல். ஆனால் சின்ன ஸ்விட்ச் ஒன்றைத் தட்டினால் குரல் அப்படியே மாறுகிறது. ஒரு பக்கம் தள்ளினால் கனமான, உருண்டையான ஒலி. மறுபக்கம் தள்ளினால் கூர்மையான, கீச்சென்ற ஒலி. எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிச் சில மாதங்கள் ஆனவர்களுக்கு வரும் அடுத்த ஆசை இங்கிருந்துதான் தொடங்குகிறது: "பிக்கப்பை மாத்திப் பார்க்கலாமா? ஒண்ணு எக்ஸ்ட்ரா போடலாமா? கொஞ்சம் நகர்த்தினா என்ன ஆகும்?"

இந்தக் கேள்வி சென்னைக்குப் புதுசு இல்லை. 1981 மார்கழி சீசனில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் பள்ளிக்கூட வயதுச் சிறுவன் ஒருவன் எலெக்ட்ரிக் மாண்டலினோடு கச்சேரிக்கு உட்கார்ந்தான். பெயர் யு. ஸ்ரீநிவாஸ். 'கர்நாடக சங்கீதத்துக்கு இந்த வாத்தியம் சரிப்படுமா?' என்ற சந்தேகத்தோடு கேட்க வந்தவர்களும் இருந்தார்கள். அவர் வாசித்தது கடையில் கிடைக்கும் வழக்கமான மாண்டலின் இல்லை. தன் இசைக்குத் தேவையானபடி மாற்றப்பட்ட ஒன்று.

அதாவது, வாத்தியத்தை மாற்றுவது தப்பே இல்லை. எதற்காக மாற்றுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏனென்றால் ஸ்க்ரூவைக் கழற்றினால் மறுபடி மாட்டலாம். மரத்தைக் குடைந்தால் குடைந்ததுதான்.

பிக்கப் எப்படி வேலை செய்கிறது?

சிம்பிளா சொன்னா, காந்தமும் செம்புக் கம்பியும்தான் பிக்கப். தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஒரு காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அதற்கு மேலே ஸ்டீல் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. பிளஸ் டூ இயற்பியலில் படித்த ஃபாரடே விதிதான் இது. அந்தச் சின்ன மின்சாரத்தை ஆம்ப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கிய 'ஃப்ரையிங் பேன்' கிட்டாரில் இந்த முறை வந்தது. 1937-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று வரை அடிப்படை மாறவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மேக்னடிக் பிக்கப் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. காந்தத்துக்கு நேர் மேலே இருக்கும் அந்தத் துண்டுக் கம்பி எப்படி அசைகிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. கம்பியில் இரும்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குக் கண் தெரியாது.

வீணைக்கு வேறு வழி தேவைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தஞ்சாவூர் வீணையில் சாரணியும் பஞ்சமமும் ஸ்டீல். மந்தரமும் அனுமந்தரமும் வழக்கமாகப் பித்தளை அல்லது வெண்கலம். கிட்டாரின் பிக்கப்பை அப்படியே கொண்டுவந்து வைத்தால் முதல் இரண்டு கம்பிகள் கேட்கும், அடுத்த இரண்டும் ஊமையாகிவிடும். காண்டாக்ட் மைக்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது மரத்தின் அதிர்வை எடுப்பதால் கம்பி எந்த உலோகம் என்று பார்ப்பதில்லை. ஏமனி சங்கர சாஸ்திரி, அவருடைய சீடர் சிட்டிபாபு போன்ற வீணைக் கலைஞர்கள் காண்டாக்ட் மைக்கை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 'வீணையின் இயல்பான நாதம் போயிடுச்சு' என்ற விமர்சனமும் கூடவே வந்தது. பெரிய ஹாலில் கடைசி வரிசைக்கும் கமகம் தெளிவாகக் கேட்கிறது என்ற பாராட்டும் வந்தது. அந்த விவாதம் மயிலாப்பூர் சபா கேன்டீன்களில் இன்னும் முடியவில்லை.

இடம் மாறினால் குரல் ஏன் மாறுகிறது?

கம்பியைத் தட்டினால் அது ஒரே மாதிரி ஆடுவதில்லை. முழு நீளத்துக்கும் ஒரு பெரிய ஆட்டம் இருக்கும், அதுதான் அடிப்படைச் சுரம். அதோடு சேர்ந்து பாதிப் பாதியாக, மூன்றில் ஒன்றாக, நான்கில் ஒன்றாகப் பிரிந்தும் ஆடும். இவை ஹார்மோனிக்குகள். ஒலியின் கூர்மையும் பளபளப்பும் இவற்றிலிருந்துதான் வருகின்றன.

கம்பியின் எந்த இடத்தில் பிக்கப் இருக்கிறதோ, அந்த இடத்தில் எந்த ஹார்மோனிக் அதிகம் ஆடுகிறதோ, அதுதான் அதிகம் கேட்கும். ஆடாமல் நிற்கும் ஹார்மோனிக் கேட்கவே கேட்காது.

ஸ்ட்ராடோகாஸ்டர் வகை கிட்டாரை எடுத்துக்கொள்வோம். கம்பியின் நீளம் சுமார் 648 மி.மீ. கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப், பிரிட்ஜிலிருந்து சுமார் 162 மி.மீ. தள்ளி இருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப் சுமார் 41 மி.மீ. தள்ளி. கம்பியை எங்கும் அழுத்தாமல் தட்டும்போது கணக்கு இப்படி வரும்:

• பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே அடிப்படைச் சுரத்தின் ஆட்டம், நெக் பிக்கப்புக்கு மேலே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

• எட்டாவது ஹார்மோனிக் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே கிட்டத்தட்ட முழு வீச்சில் ஆடுகிறது. நெக் பிக்கப்புக்கு மேலே அது ஆடுவதே இல்லை.

நெக் பிக்கப் உருண்டையாகவும் பிரிட்ஜ் பிக்கப் கூர்மையாகவும் கேட்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்குதான். பிரிட்ஜ் பக்கம் கம்பி குறைவாக ஆடுவதால், பல நிறுவனங்கள் அங்கே வைக்கும் பிக்கப்பில் சுற்றுகளைக் கொஞ்சம் அதிகமாக்கி ஈடுகட்டுகின்றன.

அடுத்தது இன்னும் சுவாரசியம். பிரிட்ஜ் பிக்கப்பைக் கழுத்துப் பக்கம் ஒரு இஞ்ச் நகர்த்தினால் அதற்குக் கிடைக்கும் அடிப்படைச் சுரம் ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடும். நெக் பிக்கப்பை அதே ஒரு இஞ்ச் நகர்த்தினால் கூடுவது பத்தில் ஒரு பங்கு சொச்சம். ஒரே இஞ்ச்தான், ஆனால் பிரிட்ஜ் பக்கம் அதன் விலை ரொம்ப அதிகம்.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஸ்ட்ராடோகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப் சாய்வாக இருக்கும். மெல்லிய கம்பிகளின் பக்கம் பிரிட்ஜுக்கு அருகிலும், தடிமனான கம்பிகளின் பக்கம் கொஞ்சம் தள்ளியும் இருக்கும். இடதுகைக்காரரான ஹெண்ட்ரிக்ஸ் வலதுகை கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். அதனால் சாய்வும் தலைகீழானது. தடிமனான கம்பிகள் இறுக்கமாகவும், மெல்லிய கம்பிகள் கொஞ்சம் மென்மையாகவும் ஒலித்தன. பிக்கப்பைத் தொடாமலேயே லே-அவுட்டை மாற்றிவிட்டார்!

'24-வது ஃப்ரெட்' ரகசியம் உண்மையா?

நெக் பிக்கப் சரியாக 24-வது ஃப்ரெட் வர வேண்டிய இடத்தில் இருந்தால்தான் அந்த 'இனிப்பான' ஒலி கிடைக்கும் என்று கிட்டார் வட்டாரங்களில் அடிக்கடி சொல்வார்கள். 24 ஃப்ரெட் கிட்டாரில் அந்த இடத்தை ஃப்ரெட்டே எடுத்துக்கொள்வதால் நெக் பிக்கப் கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம் தள்ளிப் போகிறது, ஒலியும் மாறுகிறது என்பது சரி. ஆனால் அந்த இடத்தில் மாயம் எதுவும் இல்லை.

அந்த இடம் கம்பியின் நான்கில் ஒரு பங்கு. அழுத்தாத கம்பியில் அங்கே நான்காவது ஹார்மோனிக் காணாமல் போகும். ஐந்தாவது ஃப்ரெட்டில் விரலை வைத்ததும் கம்பியின் நீளம் குறைகிறது, அதே இடம் இப்போது மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. எனவே மூன்றாவது ஹார்மோனிக் போய்விடும். 12-வது ஃப்ரெட்டில் வைத்தால் அதே இடம் சரிபாதி. இரண்டாவது ஹார்மோனிக் போய்விடும். அதாவது ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த இடத்தின் குணம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தேடி மரத்தைக் குடைய வேண்டிய அவசியம் இல்லை.

எஸ்எஸ்எஸ், எச்எஸ்எஸ், எச்எச்: என்ன இது?

கடையில் கிட்டார் பார்க்கும்போது கண்ணில் படும் இந்த எழுத்துகள்தான் பிக்கப் லே-அவுட்டின் சுருக்கம். எஸ் என்றால் சிங்கிள் காயில், எச் என்றால் ஹம்பக்கர். பிரிட்ஜிலிருந்து கழுத்து வரை வரிசையாகப் படிக்க வேண்டும்.

• எஸ்எஸ்எஸ்: மூன்று சிங்கிள் காயில். 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் அமைப்பு. தெளிவு, மணி போன்ற ஒலி.

• எச்எச்: இரண்டு ஹம்பக்கர். கிப்சன் லெஸ் பால் வகை. கனம், நீண்ட ஒலி.

• எச்எஸ்எஸ்: பிரிட்ஜில் மட்டும் ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில்.

சிங்கிள் காயில் சுற்றுப்புற மின்சார இரைச்சலையும் சேர்த்து இழுக்கும். இந்தியாவில் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்பை ஆன் செய்ததும் வரும் 'ம்ம்ம்' அதுதான். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1950-களின் நடுவில் இதற்குத் தீர்வு கண்டார். எதிரெதிர்த் திசையில் செயல்படும் இரண்டு சுருள்கள், எதிரெதிர்க் காந்த முனைகள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். 'ஹம்'மைத் தடுப்பதால் ஹம்பக்கர் என்று பெயர். 1957 முதல் கிப்சன் கிட்டார்களில் வந்தது.

இரண்டையும் கலந்தால் என்ன என்று 1970-களில் யோசித்தவர் எடி வான் ஹேலன். ஸ்ட்ராட் வடிவ உடலில் கிப்சன் ஹம்பக்கர் ஒன்றை பிரிட்ஜ் பக்கம் தானே பொருத்தினார். இரு நிறுவனங்களின் கம்பி இடைவெளியும் வேறு என்பதால் பிக்கப்பைக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். பார்க்க அலங்கோலமாக இருந்த அந்த 'ஃப்ராங்கன்ஸ்டைன்' கிட்டார்தான் பிறகு ஒரு தலைமுறையையே ஸ்க்ரூடிரைவர் எடுக்க வைத்தது.

சென்னை செய்த மாற்றம்

மறுபடியும் ஸ்ரீநிவாஸ். வழக்கமான மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக இருக்கும். ஜோடிக் கம்பிகளைச் சேர்த்து அசைத்துக் கமகம் பிடிப்பது கடினம். எட்டுக் கம்பிக்குப் பதிலாக ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட, உள்ளே வெற்றிடம் இல்லாத எலெக்ட்ரிக் மாண்டலினை அவர் வாசித்தார். ஒற்றைக் கம்பி என்பதால் விரலுக்கு முழுக் கட்டுப்பாடு. ஐந்தாவது கம்பியால் கீழ் ஸ்தாயிக்கும் இடம் கிடைத்தது. ஒலி நீண்டு நிற்க பிக்கப்பும் ஆம்பும் உதவின.

சந்தேகத்தோடு வந்தவர்கள் பிறகு டிக்கெட்டுக்காக வரிசையில் நின்றார்கள். 1998-ல் பத்மஸ்ரீ. ஜான் மெக்லாஃப்லினின் 'ரிமெம்பர் சக்தி' குழுவோடு உலகம் சுற்றினார். 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் 45 வயதில் காலமானார். மேற்கத்திய வயலினை 19-ம் நூற்றாண்டில் பாலுஸ்வாமி தீட்சிதர் நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தபோது நடந்ததும் இதே கதைதான். வாத்தியம் வெளியூர், வாசிப்பு நம்மூர்.

கிட்டாரிலும் இந்த வழி தொடர்ந்தது. 1980-களில் சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடகக் கச்சேரி செய்தார். அடையாறு பக்கம் ஐஐடி மெட்ராஸில் நேவல் ஆர்க்கிடெக்சர் படித்த பிரசன்னா, பிறகு பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போய், கர்நாடக இசையையும் ஜாஸையும் ஒரே கிட்டாரில் கொண்டுவந்தார்.

கமகம் வாசிப்பவர்களுக்கு ஒரு முக்கியக் கணக்கு

ராக், மெட்டல் வாசிப்பவர்களுக்குச் சொல்லும் அதே பிக்கப் அறிவுரை, ராகம் வாசிப்பவருக்குப் பொருந்தாமல் போகலாம். காரணம், கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது.

பெரும்பாலான பிக்கப்புகளில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தப் பொட்டு இருக்கும். இதை 'போல் பீஸ்' என்பார்கள். கம்பியை இழுக்கும்போது அது தன் பொட்டை விட்டு விலகும். எவ்வளவு விலகும்? 12-வது ஃப்ரெட்டில் 10 மி.மீ. இழுத்தால், நெக் பிக்கப்புக்கு மேலே கம்பி சுமார் 5 மி.மீ. நகர்ந்திருக்கும். பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேலே நகர்வது ஒன்றரை மி.மீ.கூட இல்லை. அடுத்தடுத்த கம்பிகளுக்கு நடுவே சுமார் 10 மி.மீ.தான் இடைவெளி. ஆக, நெக் பிக்கப்பில் கம்பி இரண்டு பொட்டுகளுக்கு நட்ட நடுவில் போய் நிற்கிறது. சில பிக்கப்புகளில் அந்த இடத்தில் ஒலி லேசாகத் தளரலாம். கமகத்தின் உச்சத்தில் ஒலி சோர்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

தனித்தனிப் பொட்டுகளுக்குப் பதிலாக நீளமான ஒரே இரும்புப் பட்டை கொண்ட 'ரெயில்' அல்லது 'பிளேடு' வகை பிக்கப் இதற்குத் தீர்வு. கம்பி எங்கே போனாலும் கீழே பட்டை இருக்கும். சிங்கிள் காயில் அளவிலேயே கிடைப்பதால் மரத்தைத் தொட வேண்டியதில்லை. இழுக்காமல், விரலைச் சறுக்கியே ஜாரு வாசிப்பவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். கம்பி தன் பொட்டுக்கு நேராகத்தான் இருக்கும்.

எலெக்ட்ரிக் மாண்டலின் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதன் கம்பி நீளம் சுமார் 350 மி.மீ. கிட்டாரில் ஒரு இஞ்ச் என்பது கம்பியில் 4 சதவீதம். மாண்டலினில் அதே இஞ்ச் 7 சதவீதம். பிக்கப்பைக் கொஞ்சம் நகர்த்தினாலும் குரல் நிறையவே மாறும்.

உளிக்கு முன் ஆறு படிகள்

முதல் சம்பளத்தில் வாங்கிய கிட்டாரில் நேராகத் துளை போடாதீர்கள். கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாக முயன்று, ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். பலருக்கு மூன்றாவது படியிலேயே ஆசை தீர்ந்துவிடும்.

1. உயரத்தை மாற்றுங்கள். பிக்கப்பின் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தபடி, கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 2 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். ரொம்ப அருகில் போனால் காந்தம் கம்பியை இழுத்து, சுருதி அலைபாயும், ஒலி சீக்கிரம் அடங்கும். செலவு: பூஜ்யம்.

2. பாட்டையும் கெப்பாசிட்டரையும் பாருங்கள். வால்யூம், டோன் குமிழ்களுக்குக் கீழே இருப்பது பாட். சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். 250-க்குப் பதில் 500 போட்டால் ஒலி பளிச்சென்று ஆகும். ஹம்பக்கர் மந்தமாக இருக்கிறது என்று புலம்புபவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

3. வயரிங்கை மாற்றுங்கள். மூன்று பிக்கப் இருந்தால் மொத்தம் ஏழு விதமாகச் சேர்க்கலாம். ஸ்ட்ராட்டின் ஐந்து நிலை ஸ்விட்ச் ஐந்தைத்தான் தருகிறது. நெக்கும் பிரிட்ஜும் சேர்ந்த ஒலி, மூன்றும் சேர்ந்த ஒலி இரண்டும் விடுபட்டுவிடும். சின்ன ஸ்விட்ச் ஒன்றைச் சேர்த்தால் அவையும் கிடைக்கும். டோன் குமிழ் ஒன்றுக்குப் பதிலாக இழுத்தால் ஸ்விட்ச் ஆகும் 'புஷ் புல்' பாட் போட்டால் புதுத் துளையும் வேண்டாம். நான்கு வயர் உள்ள ஹம்பக்கரில் ஒரு சுருளை மட்டும் அணைத்து சிங்கிள் காயில் போல வாசிக்கலாம், இதுதான் 'காயில் ஸ்ப்ளிட்'. குயீன் குழுவின் பிரையன் மே தன் கிட்டாரில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனித்தனி ஆன்-ஆஃப் ஸ்விட்சும் ஃபேஸ் ஸ்விட்சும் வைத்திருக்கிறார். அவருடைய பல குரல்கள் அங்கிருந்து வருகின்றன.

4. அதே அளவில் வேறு பிக்கப் போடுங்கள். சிங்கிள் காயில் அளவில் வரும் ஹம்பக்கர், ரெயில் வகைகள் பழைய குழியிலேயே உட்காரும்.

5. பிக்கார்டைத் தூக்கிப் பாருங்கள். பல ஸ்ட்ராட் வகை கிட்டார்களில் முன்பக்கம் மூன்று சிங்கிள் காயில் தெரிந்தாலும், உள்ளே ஹம்பக்கருக்கும் சேர்த்தே பெரிதாகக் குடைந்திருப்பார்கள். அப்படி இருந்தால் புது பிக்கார்டு போதும். பழையதைப் பத்திரமாக வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம்.

6. கடைசியில்தான் குடைவது. முதல் ஐந்தும் போதவில்லை, என்ன ஒலி வேண்டும் என்பதும் தெளிவாகத் தெரியும் என்றால் மட்டும். விற்கும்போது மதிப்பு குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"இரைச்சலா இருக்கு, அதான் மாத்தப் போறேன்!" கொஞ்சம் பொறுங்க

தி.நகர் அபார்ட்மென்ட்டில் வரும் எல்லா இரைச்சலுக்கும் பிக்கப்பைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சின்ன டெஸ்ட்.

ஒன்று, கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது ஹம் குறைந்தால், அது சிங்கிள் காயில் வெளியிலிருந்து இழுக்கும் இரைச்சல். ஹம்பக்கரோ, இரைச்சல் இல்லாத சிங்கிள் காயிலோ உதவும்.

இரண்டு, கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா? அப்படியென்றால் கிட்டாரின் உள்ளே செம்புத் தகடு ஒட்டி ஷீல்டிங் செய்வது உதவலாம். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், மலிவான சார்ஜர் ஆகியவற்றை அணைத்தும் ஒருமுறை பாருங்கள். கம்பியைத் தொட்டால் ஷாக் அடிப்பதுபோல் சுருக்கென்று இருந்தால் உடனே நிறுத்துங்கள். அது பிக்கப் பிரச்சினை இல்லை, எர்த்திங் பிரச்சினை. எலெக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும்.

பெசன்ட் நகர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இன்னொரு வில்லன். கம்பி துருப்பிடித்தாலே ஒலி மந்தமாகும். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பாட்டில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். புதுக் கம்பியும் காண்டாக்ட் கிளீனரும் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பிக்கப் பற்றி யோசிக்கலாம்.

பொருட்கள் எங்கே கிடைக்கும்?

பாட், கெப்பாசிட்டர், ஸ்விட்ச், ஈயம், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் எல்லாவற்றுக்கும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட் போதும். ஒரு டிப்ஸ்: பாட்டின் மேல் 'ஏ' என்று இருந்தால் பொதுவாக லாக் வகை, 'பி' என்றால் லீனியர். வால்யூமுக்கும் டோனுக்கும் வழக்கமாக 'ஏ'. தண்டின் தடிமனும் நீளமும் பழைய பாட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்க, பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பிக்கப்புக்கு இசைக்கருவிக் கடைகளிலோ ஆன்லைனிலோதான் தேட வேண்டும். நல்ல இறக்குமதி பிக்கப் ஒரு செட்டின் விலை, ஆரம்பநிலை கிட்டாரின் விலையையே தாண்டலாம். வாங்கியதும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பல சிங்கிள் காயில்கள் 6 கிலோ ஓம் பக்கமும், பல ஹம்பக்கர்கள் 7, 8 கிலோ ஓம் அல்லது அதற்கு மேலும் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. ஆனால் ஓம் அதிகமாக இருந்தாலே நல்ல பிக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒலியின் தரத்தைச் சொல்லாது.

சாதாரண பிக்கப் உள்ள கிட்டாரில் வீட்டு மின்சாரம் எதுவும் ஓடுவதில்லை. கேபிளைக் கழற்றிவிட்டால் திறந்து வேலை பார்க்கலாம். ஆம்பைத் திறக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

சர்வீஸ் செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• மரத்தைக் குடையாமல் இதைச் செய்ய முடியுமா?

• புது பிக்கப்பின் போல் பீஸ் இடைவெளி என் பிரிட்ஜின் கம்பி இடைவெளியோடு பொருந்துமா?

• இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசிக்கும்போது ஃபேஸ் சரியாக இருக்குமா? தப்பாக இருந்தால் ஒலி ஒல்லியாகிவிடும்.

• கழற்றிய பாகங்களையும் வயரிங் படத்தையும் எனக்குத் தருவீர்களா?

• குடைவது என்றால், டிரெமோலோ ஸ்ப்ரிங் இருக்கும் பின்பக்கக் குழியைத் தொடாமல் ஆழம் கிடைக்குமா?

இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்பவரிடம் நம்பி கிட்டாரைக் கொடுக்கலாம்.

அப்போ, மாற்றலாமா வேண்டாமா?

தாராளமாக மாற்றலாம். 'எந்த பிக்கப் பெஸ்ட்?' என்று தேடுவதற்கு முன், 'நான் வாசிக்கும் இசையில் இப்போது எது கேட்கவில்லை?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கீழ் சுரம் போதவில்லையா, கமகம் தளர்கிறதா, இரைச்சல் தொந்தரவா என்று பதில் கிடைத்தால், எந்தப் படியில் கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஸ்ரீநிவாஸின் ஐந்து கம்பிகளும், வீணையின் காண்டாக்ட் மைக்கும் அப்படி ஒரு தேவையிலிருந்து வந்தவைதான்.

இன்றைக்கே தொடங்க வேண்டுமென்றால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பிக்கப்பின் உயரத்தை அரை மி.மீ. இறக்கி, தெரிந்த பாட்டு ஒன்றை வாசித்துப் பாருங்கள். வித்தியாசம் காதுக்குத் தெரிந்தால், அடுத்த படியை முடிவு செய்ய உங்கள் காது தயார்.